தோற்றுப்போன ஒரு விளக்கு, காரின் ஆக்சிஜன் சென்சார் ஆனது எப்படி? வால்தர் நெர்ன்ஸ்ட்டின் கதை

கார் டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்ட ஒரு லைட் எரிகிறது. வண்டி ஓடுகிறது, ஆனால் மைலேஜ் குறைந்திருக்கிறது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கிறார். ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். யூடியூப்பைத் திறந்தால், ஒரு ஸ்பேனர் இருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று நூறு வீடியோக்கள் வந்து நிற்கின்றன.

கழற்றி எடுத்தால் கட்டைவிரல் அளவில் ஒரு சாமான். ஸ்பார்க் பிளக் போலவே இருக்கும். அதன் நுனியில், துளை போட்ட உலோக மூடிக்குள்ளே, வெள்ளையாக ஒரு பீங்கான் குப்பி. அந்தப் பீங்கானுக்கு ஒரு கதை இருக்கிறது. அதை முதலில் பயன்படுத்தியவர் காருக்காகப் பயன்படுத்தவில்லை. விளக்கு எரிக்கப் பயன்படுத்தினார். அந்தப் பீங்கான் எவ்வளவு வோல்ட் தரும் என்று கணக்குப் போடும் சமன்பாட்டையும் அவர்தான் எழுதினார். அவர் பெயர் வால்தர் நெர்ன்ஸ்ட். அவர் கார் பிரியரும்கூட.

யார் இந்த நெர்ன்ஸ்ட்?

1864 ஜூன் 25 அன்று பிரீசன் என்ற சிறு ஊரில் பிறந்தார். அன்றைக்கு அது ‘மேற்குப் பிரஷ்யா’ எனப்பட்ட பகுதி. இன்று போலந்தில் இருக்கிறது. அப்பா நீதிபதி. அந்தக் கால ஜெர்மன் மாணவர்கள் ஒரே பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படிப்பது குறைவு. நெர்ன்ஸ்ட்டும் சூரிச், பெர்லின், கிராஸ், வூர்ஸ்பர்க் என்று சுற்றிச் சுற்றிப் படித்தார். 1887-ல் டாக்டர் பட்டம் வாங்கியதும் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

அந்த நேரத்தில் லைப்சிக்தான் ஒரு புதுத் துறையின் தலைநகர் மாதிரி இருந்தது. இயற்பியலும் வேதியியலும் தனித்தனி வீடுகளாக இருந்த காலம் அது. இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் நெர்ன்ஸ்ட் ஒருவர்.

25 வயதில் ஒரு சமன்பாடு

1889-ல், 25 வயதில், அவர் எழுதியதுதான் இன்று பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்யும் ‘நெர்ன்ஸ்ட் சமன்பாடு’. பரீட்சைக்காகப் படித்து மறந்துபோனவர்களுக்காக, சுருக்கமாக.

ஒரு தடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே பொருள் வெவ்வேறு செறிவில் இருக்கிறது. அதிகம் இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்கு அது போகத் துடிக்கும். அந்தப் பொருள் மின்னூட்டம் உள்ள அயனியாக மட்டுமே தடுப்பைத் தாண்ட முடியும் என்றால், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு மின்னழுத்தம் உருவாகும். செறிவு வித்தியாசம் எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு என்று தெரிந்தால் அந்த வோல்ட்டைக் கணக்கிட்டுவிடலாம். அவ்வளவுதான் விஷயம்.

திருப்பிப் போட்டாலும் கணக்கு சரியாக வரும். வோல்ட்டை அளந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் அந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். காரின் ஆக்சிஜன் சென்சார் செய்வது இதைத்தான். ஆனால், அந்த நாளுக்கு இன்னும் கிட்டத்தட்ட 90 வருடங்கள் இருந்தன.

பத்து லட்சம் மார்க் விளக்கு

நெர்ன்ஸ்ட் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1892-ல் எம்மா லோமையரைத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். வேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவருக்கு ஆராய்ச்சிக் கட்டுரை மட்டும் போதவில்லை. கண்டுபிடித்ததைக் கடைக்குக் கொண்டுவர வேண்டும், அதில் காசும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் உண்டு.

அன்றைக்கு வீடுகளில் எரிந்தது எடிசன் காலத்துக் கரி இழை பல்ப். கரி காற்றுப்பட்டால் எரிந்துவிடும் என்பதால் கண்ணாடிக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கரண்டையும் நிறையச் சாப்பிடும். நெர்ன்ஸ்ட் வேறு மாதிரி யோசித்தார். ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட ஒரு பொருளை எடுத்தால் அது மறுபடி எப்படி எரியும்? எரியாது. அப்படியானால் வெற்றிடமும் தேவையில்லை.

அவர் எடுத்த பொருள் ஸிர்கோனியா. அதாவது ஸிர்கோனியம் ஆக்சைடு. அதோடு கொஞ்சம் இட்ரியா கலந்தார். சுமார் 85 சதவீதம் ஸிர்கோனியா, 15 சதவீதம் இட்ரியா. இதைச் சின்னக் குச்சியாகச் செய்து சூடாக்கிக் கரண்ட் கொடுத்தால், திறந்த காற்றிலேயே பளீரென்று வெள்ளை வெளிச்சம். கரி பல்ப்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சிக்கனம்.

ஒரே ஒரு தொல்லை. குளிர்ந்த நிலையில் அந்தக் குச்சி கரண்டைக் கடத்தாது. முதலில் அதைச் சூடாக்க வேண்டும். ஆரம்பத்தில் தீக்குச்சியால் சூடாக்கினார்கள். பிறகு பக்கத்திலேயே ஒரு பிளாட்டினம் ஹீட்டர் சுருளை வைத்தார்கள். அப்போதும் சுவிட்ச் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும்.

1897-ல் வந்த இந்தக் காப்புரிமையை ஏஇஜி நிறுவனம் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கியது. அன்றைய ஒரு பேராசிரியருக்குக் கனவில்கூட வராத தொகை.

காசு வந்தது, கார் வந்தது

பணம் கையில் வந்ததும் நெர்ன்ஸ்ட் வாங்கிய பொருட்களில் முக்கியமானது மோட்டார் கார். கோட்டிங்கனில் முதன்முதலில் கார் ஓட்டியவர்களில் அவர் ஒருவர். அந்தக் காலத்து இன்ஜினுக்கு மேடு ஏற மூச்சு வாங்கும். அதற்கு அவர் ஒரு வேதியியல் வைத்தியம் செய்தார் என்று சொல்லப்படுகிறது: ஒரு சிலிண்டரில் நைட்ரஸ் ஆக்சைடை எடுத்துக்கொண்டு போய், மேடு வரும்போது இன்ஜினுக்குள் விடுவாராம். அந்த வாயு சூட்டில் பிரிந்து கூடுதல் ஆக்சிஜனைக் கொடுக்கும். கூடுதல் ஆக்சிஜன் இருந்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். கார் ரேஸ் படங்களில் ‘நைட்ரோ’ பட்டனை அழுத்துகிறார்களே, அதே சங்கதிதான்.

இன்னொரு வேலையும் அந்த வருடங்களில் நடந்தது. மிக அதிகமான வெப்பத்தில் காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து எவ்வளவு நைட்ரிக் ஆக்சைடு உருவாகும் என்று நெர்ன்ஸ்ட் அளந்தார். அன்றைக்கு அதன் நோக்கம் உரம். காற்றிலிருந்தே நைட்ரேட் தயாரிக்க முடியுமா என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. இன்று அதே வினை ஒவ்வொரு இன்ஜின் சிலிண்டருக்குள்ளும் நடக்கிறது. நகரக் காற்றைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

விளக்கு அணைந்தது, விஞ்ஞானி வளர்ந்தார்

1910 வாக்கில் டங்ஸ்டன் இழை பல்ப் வந்தது. சுவிட்ச் போட்டதும் உடனே எரிந்தது. காத்திருக்க வேண்டியதில்லை. நெர்ன்ஸ்ட் விளக்கின் கதை அத்தோடு முடிந்தது. அகச்சிவப்புக் கதிர் தேவைப்படும் ஆய்வகங்களில் மட்டும் அந்தக் குச்சி மிச்சமிருந்தது.

விற்றவருக்கு நஷ்டம் இல்லை. அவர் 1905-லேயே பெர்லினுக்குப் போய்விட்டார். அந்த வருடம் டிசம்பரில் அவர் முன்வைத்த கருத்துதான் பின்னாளில் வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி ஆனது. வெப்பநிலை தனிச்சுழியை நெருங்க நெருங்க, என்ட்ரோபி மாற்றமும் சுழியை நெருங்கும் என்பது அதன் சாரம். நடைமுறையில் இதற்கு என்ன பயன்? ஒரு வேதிவினை எந்த அளவுக்கு நடக்கும் என்பதை, அதைச் செய்து பார்க்காமலே, வெப்ப அளவீடுகளை வைத்துக் கணக்கிட முடிந்தது. இந்த வேலைக்காகவே 1920-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஆட்களைச் சேர்ப்பதிலும் கெட்டிக்காரர். 1911-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த முதல் சால்வே மாநாட்டுக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். 1913-ல் மேக்ஸ் பிளாங்குடன் சூரிச்சுக்குப் போய், ஐன்ஸ்டைனை பெர்லினுக்கு வரச் சம்மதிக்க வைத்தவரும் அவரே.

போரில் அவர் செய்தது என்ன?

கதையின் கசப்பான பகுதி இது. இதைத் தாண்டிப் போக முடியாது.

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது நெர்ன்ஸ்ட்டுக்கு வயது 50. கட்டாயம் எதுவும் இல்லை. தானாகவே முன்வந்து, கார் ஓட்டுநராக ராணுவத்தில் சேர்ந்து, முன்னேறிக்கொண்டிருந்த படையின் தகவல்களைச் சுமந்து வண்டி ஓட்டினார். ஜெர்மன் ராணுவத்துக்கு ஆதரவாக 93 அறிவுஜீவிகள் வெளியிட்ட அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டார்.

அதோடு நிற்கவில்லை. எதிரிகளைப் பதுங்கு குழியிலிருந்து வெளியேற்ற, எரிச்சலூட்டும் வேதிப்பொருள் நிரப்பிய குண்டுகளை உருவாக்கும் வேலையில் இறங்கினார். 1914 அக்டோபரில் பிரான்ஸின் நெவ் சாப்பலில் அவை வீசப்பட்டன. பெரிய விளைவு எதுவும் இல்லை. ஆனால் கதவு திறந்துவிட்டது. 1915 ஏப்ரலில் இப்ரெஸ் களத்தில் ஃபிரிட்ஸ் ஹேபர் தலைமையில் குளோரின் வாயு திறந்துவிடப்பட்டபோது, அடுத்தவர்கள் அந்தக் கதவு வழியே வெகுதூரம் போயிருந்தார்கள். சுவாசிக்கும் காற்றையே ஆயுதமாக்கும் முயற்சியில் முதல் அடிகளில் ஒன்றை எடுத்து வைத்தவர் என்ற உண்மை நெர்ன்ஸ்ட்டின் வாழ்க்கையில் இருந்து அழியாது.

அந்தப் போர் அவரையும் விடவில்லை. இரண்டு மகன்கள் இருந்தார்கள். இரண்டு பேருமே போரில் இறந்தார்கள்.

மகள்கள் போன திசை

போருக்குப் பிறகு பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைவர், நாட்டின் அளவியல் நிறுவனத்துக்குத் தலைவர் என்று பதவிகள் வந்தன. புதுப்புது ஆசைகளும் விடவில்லை. 1930 வாக்கில், பெக்ஸ்டைன், சீமென்ஸ் நிறுவனங்களோடு சேர்ந்து மின்சாரப் பியானோ ஒன்றை உருவாக்கினார். ஸிபெல்லே என்ற கிராமத்தில் பண்ணை வாங்கிக் குளங்களில் கெண்டை மீன் வளர்த்தார்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நெர்ன்ஸ்ட்டின் மூன்று மகள்களில் இருவர் யூதர்களைத் திருமணம் செய்திருந்தார்கள். அந்தக் குடும்பங்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நாஜிகளை நெர்ன்ஸ்ட் ஏற்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. அதே வருடம் ஓய்வுபெற்றுப் பண்ணைக்குப் போய்விட்டார். எந்த நாட்டுக்காக மகன்களைப் பறிகொடுத்தாரோ, அந்த நாடே மகள்களைத் துரத்தியது. 1941 நவம்பர் 18 அன்று, இன்னொரு உலகப் போரின் நடுவே, ஸிபெல்லேயில் இறந்தார். கல்லறை கோட்டிங்கனில் இருக்கிறது.

செத்த விளக்கு திரும்பி வந்தது

நெர்ன்ஸ்ட் இறந்து இரண்டு வருடங்களுக்குப் பிறகு, 1943-ல், கார்ல் வாக்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்தப் பழைய விளக்குக் குச்சிக்குள் என்ன நடக்கிறது என்று விளக்கினார். ஸிர்கோனியாவில் இட்ரியா கலக்கும்போது, ஆக்சிஜன் உட்கார வேண்டிய சில இடங்கள் காலியாகிவிடுகின்றன. நெரிசலான பஸ்ஸில் நான்கு சீட் காலியானால் ஆட்கள் மாறி மாறி நகர முடியும் இல்லையா, அப்படித்தான். நன்றாகச் சூடாக்கினால் ஆக்சிஜன் அயனிகள் காலி இடம் பார்த்துத் தாவித் தாவி நகரும். கரண்டைக் கடத்துவது அவைதான்.

அதாவது, ஆக்சிஜன் மட்டும் அயனியாகத் தாண்டக்கூடிய ஒரு தடுப்பு அது. 1889 சமன்பாடு கேட்ட தடுப்பும் அதுதான்! சமன்பாட்டையும் பீங்கானையும் இரண்டு கையிலும் வைத்திருந்தவர் ஒரே ஆள். ஆனால் இரண்டையும் இணைக்க வேண்டிய தேவை அவர் காலத்தில் வரவில்லை.

அந்தத் தேவையைக் கொண்டுவந்தது கார் புகை. 1970-ல் அமெரிக்கா காற்று மாசுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்கள் வந்தன. இதில் ஒரு சிக்கல். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் ஒழிக்க ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடை ஒழிக்க, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டும் நடக்க வேண்டுமென்றால், ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற விகிதத்தை இன்ஜின் விடாமல் பிடிக்க வேண்டும். அதற்குப் புகைக்குழாயிலேயே உட்கார்ந்து ஆக்சிஜனைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் தேவை.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் ஸிர்கோனியாவை வைத்து அந்த ஆளை உருவாக்கியது. 1976-ல் அமெரிக்கச் சந்தைக்கான வால்வோ கார்களில் ‘லாம்ப்டா சென்சார்’ முதன்முதலாக வந்தது. குப்பியின் உள்பக்கம் வெளிக்காற்று, வெளிப்பக்கம் புகை. பெட்ரோல் அதிகமானால் புகையில் ஆக்சிஜன் குறையும், சென்சார் 0.9 வோல்ட் வரை காட்டும். காற்று அதிகமானால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். இசியு அதைப் பார்த்து இன்ஜெக்டரைக் கூட்டும், குறைக்கும். விளக்கில் கரண்டைக் கொடுத்து ஆக்சிஜனை நகர்த்தினார்கள்; சென்சாரில் ஆக்சிஜன் நகரத் துடிப்பதை வைத்து வோல்ட்டை எடுக்கிறார்கள். புதிய ரக ‘வைட்பேண்ட்’ சென்சாருக்குள்ளும் இருக்கும் அளக்கும் பகுதிக்குப் பெயரே ‘நெர்ன்ஸ்ட் செல்’.

சரி, வீட்டிலேயே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் நெர்ன்ஸ்ட்டின் பீங்கான் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் தப்பு செய்வது குறைவு.

முதலில், சென்சார்தான் குற்றவாளியா? அது வெறும் தூதர். ஆக்சிஜன் அதிகம் என்று அது சொன்னால், சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்திருக்கலாம். இன்டேக் ஹோஸில் கசிவு இருக்கலாம். அதைப் பார்க்காமல் சென்சாரை மாற்றினால், புதுசும் அதையேதான் சொல்லும், காசு வீண்.

ஹீட்டர் கோடா? விளக்கைக் கெடுத்த அதே குணம் இங்கேயும் உண்டு: சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் பீங்கான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால்தான் இன்றைய சென்சாருக்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது. ஸ்கேனரில் பி0135 போன்ற கோடு வந்தால், பிரச்சினை அந்த ஹீட்டர் சர்க்யூட்டில். சென்சாரை வாங்கும் முன் ஃபியூஸையும் வயரையும் பாருங்கள்.

எந்தச் சென்சார்? கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும். முன்னது கலவையைக் கட்டுப்படுத்தும். பின்னது கன்வெர்ட்டரை வேவு பார்க்கும். கோடு எதைச் சொல்கிறது என்று பார்த்து, உங்கள் மாடலுக்கான சரியான பார்ட் நம்பரை வாங்குங்கள்.

கழற்றும்போது: புகைக்குழாய் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். வண்டிக்கு அடியில் போவதென்றால் வெறும் ஜாக்கை நம்பவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். மரையில் துரு பிடித்திருந்தால் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடுங்கள். வயர் போக வழியுள்ள சென்சார் ஸாக்கெட் கிடைக்கிறது. பெரும்பாலும் 22 மி.மீ.

மாட்டும்போது: புதுச் சென்சாரைக் கீழே போட்டால் பீங்கான் விரிசல் விடும். நுனியில் கிரீஸ், எண்ணெய், சிலிகான் எதுவும் படக்கூடாது. சிலிகான் பீங்கானின் மேலுள்ள பிளாட்டினத்தை மூடிவிடும். கனெக்டரில் ஸ்பிரே அடிக்காதீர்கள். பல சென்சார்களில் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்று வயர் வழியாகத்தான் உள்ளே போகிறது. கையால் மரை ஏற்றிவிட்டு, மேனுவலில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கடைசியாகக் கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

மரை பிடித்துக்கொண்டு திரும்பவே இல்லையென்றால் முரட்டுத்தனம் வேண்டாம். மரை போனால் செலவு சென்சாரைவிட அதிகமாகிவிடும். வாரன்ட்டியில் இருக்கும் வண்டியென்றால் சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிடுவது நல்லது.

எதற்காக நினைவில் வைக்க வேண்டும்?

நெர்ன்ஸ்ட்டை நல்லவர், கெட்டவர் என்று ஒரு பெட்டிக்குள் போட முடியாது. காற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை வைத்து வெளிச்சம் தந்தார், பணம் பார்த்தார், மேடு ஏறினார், போருக்கும் கொடுத்தார். போருக்காகச் செய்த குண்டு பலிக்கவில்லை. ஊருக்காகச் செய்த விளக்கும் நிலைக்கவில்லை. நிலைத்தது, 25 வயதில் எழுதிய ஒரு சமன்பாடும் 15 சதவீதம் இட்ரியா என்ற ஒரு கலவையும்தான்.

இன்று பெட்ரோல் கார்களின் புகைக்குழாய்களில், அதே குடும்பத்துப் பீங்கான் சூடேறி ஆக்சிஜனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நகரத்துக் காற்றில் விஷம் கொஞ்சம் குறைகிறது என்றால், அதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே அந்த மஞ்சள் லைட் எரிந்தால் மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் ஓட்டாதீர்கள். கெடுவது உங்கள் மைலேஜ் மட்டுமல்ல. பின்னால் பைக்கில் வருபவர் சுவாசிக்கும் காற்றும்தான்.